துபாய் போன மாப்பிள்ளை

எங்கள் செட்டில் துபாய் என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. சீரியலில் ஒரு நடிகன் அடிக்கடி லீவு கேட்டாலோ, இயக்குநரிடம் முறைத்துக்கொண்டாலோ, அவன் பாத்திரத்துக்கு அடுத்த வாரமே துபாயில் வேலை கிடைத்துவிடும். சாகடித்துவிட்டால் பிறகு தேவைப்படும்போது எழுப்ப முடியாதல்லவா? துபாய்க்கு அனுப்பினால் என்றைக்கு வேண்டுமானாலும் டாக்சியில் வந்து இறங்கலாம், இறங்காமலே போனாலும் கேட்க ஆளில்லை. "அவரா? அவரத்தான் துபாய்க்கு அனுப்பிட்டாங்களே" என்று மேக்கப் அறையில் யாராவது சொன்னால் எல்லோரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே அவரவருக்கு அடுத்த வாரம் எத்தனை நாள் வேலை என்று மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. மன்னார்குடியில் தெப்பக்குளத்து வடகரையில் எங்கள் வீடு. ஊருக்கு வெளியே இருந்த நிலத்தை விற்றுத்தான் அண்ணன் அமெரிக்காவுக்குப் போனான். பட்டா வேறொருவர் பேருக்கு மாறிய மாதமே நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். அப்பா காலமாகிவிட்டிருந்தார், அதனால் தடுக்க ஆளில்லை. அம்மா மட்டும், "ஒருத்தன் கம்ப்யூட்டரப் பாத்துட்டுப் போயிட்டான். இவன் காமிராவப் பாத்துட்டுப் போறான். என்னை யாரு பாக்குறது?" என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

கிடைத்த வேடம் பெரிய சீரியல் ஒன்றில் இரண்டாவது மாப்பிள்ளை. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி, சென்னையில் பெண் எடுத்தவன், நல்லவன். படப்பிடிப்பு சாலிகிராமத்தில் ஒரு வாடகை பங்களாவில். முதல் நாள் அந்த வீட்டைப் பார்த்து நான் மலைத்துப் போனேன். மூன்று குடும்பங்களின் கதை அந்த ஒரே வீட்டில் நடந்தது. திரைச்சீலையை மாற்றி, சோபாவை எடுத்துவிட்டு நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டால் பணக்காரர் கூடம் ஏழை வீடாகிவிடும். காலையில் சம்பந்தி சண்டை நடந்த இடத்தில் மத்தியானம் ஆஸ்பத்திரி.

அதைவிட என்னை மலைக்க வைத்தவர் எனக்கு மனைவியாக நடித்தவர். ஒருநாள் அவர் அழ வேண்டிய காட்சி. புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எந்தக் கண்ணுல சார்?" என்று கேட்டார். "லைட்டு இடது பக்கம்மா" என்றார் இயக்குநர். இடது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு இறங்கித் தாடையில் வந்து நின்றது. கிளிசரின் போட்டதாக நான் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நான் வசனத்தை மறந்ததில் அந்த ஷாட் வீணாயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல, இன்னொண்ணு இருக்கு" என்றார்.

அந்தப் பிரமிப்புக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு கூச்சமும் இருந்தது. கல்லூரி நாடகங்களில் கைதட்டல் வாங்கிய திமிர் எனக்கு. இங்கே ஒரு நாளைக்குப் பதினான்கு காட்சி. காமிராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, நாங்கள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். குரலைப் பிறகு டப்பிங்கில் ஒழுங்காகச் சேர்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் நடிப்பா என்று எனக்குள் ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த முனகல்தான் ஒருநாள் வாய்க்கு வந்துவிட்டது.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சொல்லும் மாமனாரிடம் நான் ரோஷமாகப் பேசும் காட்சி. உதவி இயக்குநர் வாசித்தார்: "நாங்க மண்ண நம்பிப் பொழைக்கிறவங்க மாமா. தையில நாத்து விட்டு மாசியில அறுத்துடுவோம்."

நான் உதவி இயக்குநரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார் அவர்.

"தையிலதான் அறுப்பே. நாத்து விடறது ஆடியில. நெல்லு என்ன கீரையா சார், ஒரே மாசத்துல அறுக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் பொறுமைசாலி. "டப்பிங்ல மாத்திக்கலாம் தம்பி, இப்ப வாயசைங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஆடிக்கும் தைக்கும் வாயசைப்பு ஒட்டாதே சார்" என்றேன் நான். சிரிப்பு நின்றுவிட்டது. கதை எழுதுபவரைப் போனில் பிடித்து, வசனத்தை மாற்றி, மறுபடி விளக்கைப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. இதில் கேவலம் என்னவென்றால், நான் நாற்றங்காலில் கால் வைத்தவனே இல்லை. எங்கள் நிலம் குத்தகையில் இருந்தது; எனக்குத் தெரிந்த விவசாயம் வீட்டுக்கு வந்து இறங்கும் மூட்டைதான். ஆனாலும் டெல்டாக்காரனுக்கு எதை விட்டாலும் விதைப்புப் பட்டத்தை விட மனசு வராது. நிலம் கைவிட்டுப் போனவனுக்கு இன்னும் கூடுதலாக வராது போலிருக்கிறது.

அடுத்த வாரம் அதே பங்களாவின் போர்ட்டிகோவில் என்னிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். உதவி இயக்குநர் என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார்: "துபாயில வேலை கிடைச்சிருக்கு."

ஊருக்குத் திரும்பி வந்து போனுக்காகக் காத்திருந்தேன். தெருவில் எல்லோரும், "துபாயெல்லாம் எப்படி இருக்கு?" என்று கிண்டல் செய்தார்கள். பாதிப் பேர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்கள் என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று.

ஒரு சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஏழரை மணி. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரே பாட்டு, பிறகு ஒரே குரல். ஒரு வீட்டில் விட்ட வார்த்தையை அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஒரு எழுத்துகூடத் தவறாது. என் சீரியல் மனைவி போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். என் பதில் ரசிகர்களுக்குக் கேட்காது. ஆனால் நான் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவர் காத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படி எனக்கென்று ஒரு இடம் விட்டார். இருபது வீடுகளும் சேர்ந்து அந்த இடத்தில் அமைதியாக இருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "சாப்பிட்டேன்" என்று ஆளில்லாத தெருவில் மெதுவாகச் சொன்னேன்.

பின்தெருவில் ஒரு அக்கா இருந்தார். அம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவர் கணவர் ஊரில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்து, அது படுத்துப் போய், நான்கு வருடம் முன்பு துபாய் போனவர். நிஜமான துபாய். பதினோரு மாதமாகப் போனும் இல்லை, கடிதமும் இல்லை. போனவர் செத்திருப்பார் என்றும், அங்கேயே வேறு குடும்பம் வைத்திருப்பார் என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. இரண்டையும் அந்த அக்கா வீட்டு வாசலுக்குள் விடவில்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தைத்த ரவிக்கைகளோடு வந்தவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். தலையில் போட்டிருந்த துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்க எப்பத் திரும்பி வரீங்க?"

நான் சிரித்தேன். "நான் இங்கதானே இருக்கேன்க்கா."

"அது தெரியுது. நாடகத்துல எப்ப வரீங்க?"

"அது கதைக்கா. அவங்க இஷ்டம்."

"கதைன்னு எனக்குத் தெரியாதா தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் தையல் மிஷின் எண்ணெய் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்படியெல்லாம் நெனக்கக்கூடாது. எங்க மார்க்கத்துல சகுனம் பாக்கறது பாவம். இருந்தாலும் மனசு கேக்குதா? நீங்க அந்தப் பொண்ணுகிட்ட திரும்பி வந்துட்டா, அவங்களும் வந்துடுவாங்கன்னு ஒரு நெனப்பு. அதான் கேட்டேன்."

அந்தக் கண்களுக்கு முன்னால் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. "ஐப்பசிக்குள்ள வந்துடுவேன்க்கா. பேசிட்டாங்க" என்று புளுகினேன். அவர் முகம் தெளிந்தது. அவர் போன பிறகு அம்மா, "நெசமாவே பேசிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்த அக்கா எப்போது கேட்டாலும், "போன் வந்துச்சு, தேதிதான் இன்னும் சொல்லல" என்று அம்மாவும் சேர்ந்து புளுக ஆரம்பித்தார். வாழ்க்கையில் அம்மாவும் நானும் கூட்டாகச் செய்த முதல் காரியம் அது.

அதுவரை எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது. இப்போது நான் திரும்பி வந்தே ஆக வேண்டியதாகிவிட்டது. சென்னைக்குப் போய் இயக்குநரைப் பார்த்தேன்.

"வாங்க, தஞ்சாவூர்த் தம்பி" என்றார்.

"தப்பு என் மேலதான் சார். தையிலயே நாத்து விட்டுக்கலாம். மாசியில அறுத்துக்கலாம். ஒரு ஆட்சேபணையும் இல்ல."

விழுந்து விழுந்து சிரித்தார். டீ வரவழைத்தார். அந்தப் பெண்ணுக்கு வளைகாப்புக் காட்சி வருகிறது, புருஷன் வந்துதான் ஆக வேண்டும், கதை எழுதுபவரிடம் சொல்கிறேன் என்றார். அந்தத் தைரியத்தில் பின்தெரு அக்காவைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு கோணிப்பையைக் காலால் லேசாகத் தள்ளிக் காட்டினார். வாய் கட்டாத பை. உள்ளே முழுக்கக் கடிதங்கள். "எல்லாம் இந்த மாதிரிதான் தம்பி. 'அவளச் சேத்து வைங்க, என் மக வாழ்க்கையும் சரியாயிடும்'னு எழுதுறாங்க. ஆரம்பத்துல படிச்சேன். படிச்சா மறுநாள் ஒரு சீன் எடுக்க முடியல." சேலம், பேராவூரணி, நாகப்பட்டினம் என்று மேலே கிடந்த உறைகளில் ஊர்ப்பெயர் தெரிந்தது. நான் கிளிப்பிள்ளை வேலை என்று நினைத்திருந்த ஒன்றின் கனம் எவ்வளவு என்று அந்தப் பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பயமாகக்கூட இருந்தது.

ஐப்பசி போயிற்று. தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. போன் வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் ஏழரை மணிக்கு நானும் அம்மாவும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பாட்டு முடிந்ததும் என் போட்டோ வந்தது. பக்கத்தில் இன்னொருவன் போட்டோ. கீழே, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து. நாலைந்து நொடி இருந்திருக்கும். அம்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உன் போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார்.

டாக்சி வந்து நின்றது. புதியவன் இறங்கினான். கையில் என் பெட்டி. என்னைவிட உயரம், நல்ல நிறம். கதவு திறந்தது. அவர், என் சீரியல் மனைவி, அவனை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முதலில் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு அவன் கன்னத்தைத் தொட்டார். வருஷக்கணக்காகத் தொட்டுப் பழகிய கை மாதிரி இருந்தது அது. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதை என்று ஊரில் சொல்வார்களே, அதை நான் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கொல்லைப்பக்கம் போய் அழுதேன், இரண்டு கண்ணிலும்.

பிறகு ஒருமுறை அவரைச் சென்னையில் பார்த்தபோது கேட்டேன். அந்தப் புதியவரை ஷாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் முதலில் பார்த்தாராம். "அவரு உயரம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன், கண்ணு எங்க வைக்கணும்னு தெரியணுமே" என்றார்.

சீரியலில் புதியவன் வந்து இறங்கிய மறுநாள் காலையில் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா? இனிமே அந்தப் பொண்ண விட்டுட்டுப் போவாதீங்க" என்றார். டீக்கடையில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. நேற்று ராத்திரி வேறு முகத்தைப் பார்த்தவர்கள், அந்த முகத்தையும் ஒப்புக்கொண்டு, திரும்பி வந்ததற்காக என்னையும் வாழ்த்துகிறார்கள். எங்கள் ஜனங்களுக்கு இவ்வளவு பெரிய மனசு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பின்தெரு அக்காவுக்கு மட்டும் பயந்தேன். இரண்டு வாரம் சுற்று வழியில் போய் வந்தேன். கடைசியில் குளத்தங்கரையில் எதிரே வந்துவிட்டார்.

"வந்துட்டீங்க தம்பி" என்றார்.

"அது நான் இல்லக்கா. வேற ஆள்."

"எனக்குக் கண்ணு இல்லையா? தெரியுது."

"அப்ப நீங்க நினைச்சது?"

"அந்த மாப்பிள்ள வரணும்னு நெனச்சேன். வந்தாச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இவருக்காகவே அத்தனை மாதம் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவன் நான். ஒரே சாயங்காலத்தில் இவரும் என்னைக் கழற்றி வைத்துவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

பங்குனியில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். சின்னச் சின்ன வேடங்கள் கிடைக்க ஆரம்பித்திருந்தன. போலீஸ்காரன், மாப்பிள்ளைத் தோழன். அம்மா, "பின்தெருவுல அவரு வந்துட்டாரு. போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்றார்.

போனேன். கூடத்தில் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மாமனார் என்று நினைத்து வணக்கம் சொன்னேன். அவர்தான் கணவர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடமிருந்து தப்பி, பிடிபட்டு, அங்கே சிறையில் இருந்திருக்கிறார். தலையில் முடி இல்லை. முன்பற்கள் இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. அவர் தலைக்கு மேலே சுவரில், ஜவுளிக்கடை திறந்த அன்று எடுத்த போட்டோ மாட்டியிருந்தது. அதில் தொந்தியும் மீசையுமாக ஒரு ஆள் கல்லாவில் கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மகள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது, கிட்டே வரவில்லை.

அக்கா என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தார். தணிந்த குரலில் சொன்னார்.

"நாலு வருஷமா அந்தப் போட்டோவுல இருக்கறவங்களுக்குத்தான் தம்பி காத்துக்கிட்டு இருந்தேன். கதவத் தொறந்தா யாரோ நிக்கிறாங்க. குரலும் வேற மாதிரி. கை கதவ மூடப் பாத்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அப்பத்தான் அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. ஒரு வார்த்த கேட்டுச்சா அது? பெட்டிய வாங்கிக் கீழ வச்சுச்சு. நானும் வாங்கி வச்சேன்."

உள்ளே அவர் இருமினார். அக்கா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்.

நான் அந்த வாசலில் செருப்பைக்கூட மாட்டாமல் நின்றேன். ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டிருந்தால், பழகிய முகத்தோடு போய் இறங்கியிருப்பேன். ஊரே சந்தோஷப்பட்டிருக்கும், இந்த அக்காவும்தான். ஆனால் பங்குனியில் இந்தக் கதவைத் திறந்தபோது அது அவருக்கு எதற்கும் உதவியிருக்காது. என் வேலை போனது நல்லது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன்.